ஊரணிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வீராங்கனையின் தன்னம்பிக்கை பற்றி ஓர் எளிய விளக்கம்

2024 ஆகஸ்ட் 6, பிற்பகல். காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பட்டாசாலையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பாரிஸ் ஒலிம்பிக், மகளிர் மல்யுத்தம், 50 கிலோ பிரிவு. வினேஷ் போகாட்டுக்கு எதிரே ஜப்பானின் யுய் சுசாகி. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வாங்கியவர். அன்றுவரை சர்வதேசப் போட்டிகளில் ஒருமுறைகூடத் தோற்காதவர். ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தன. 0-2 என்று பின்தங்கி நின்ற வினேஷ் சட்டென்று சுசாகியைச் சாய்த்தார். முடிவு 3-2.

வீடே எழுந்து நின்றது. "இதெல்லாம் ரத்தத்துலயே இருக்கணும்" என்றார் அண்ணன். "அந்தப் பிள்ளைக்கு என்ன வெறி பாரு" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. "தன்னம்பிக்கைன்னா இதுதான்" என்றார் அண்ணி.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அண்ணன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எட்டாம் வகுப்பு. ஒரு வருடமாக ஜூடோ கற்றுக்கொள்கிறாள். 'மேட்' என்கிற விரிப்பில் எதிராளியைப் பிடித்துத் தூக்கிப்போடும் விளையாட்டு. "அத்தை, எனக்கு அந்த மாதிரி தன்னம்பிக்கையே இல்ல. மேட்ல ஏறுனாலே கை வேர்க்குது. ரத்தத்துல இல்லாதது எப்புடி வரும்? நான் விட்டுரவா?"

இருபது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். இதே கேள்வியோடு வந்து, நல்ல பதில் கிடைக்காமல் விளையாட்டை விட்டுப்போன பெண்பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தம், வெறி, தன்னம்பிக்கை என்று அன்று எங்கள் வீட்டில் விழுந்த மூன்று சொற்களும் மூன்று வேறு விஷயங்கள். அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஒரு பதிமூன்று வயதுப் பிள்ளை தனக்குப் பிறவியிலேயே ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

## அப்பத்தாவின் பணியாரமும் நகரும் படிக்கட்டும்

எங்கள் அப்பத்தா வெள்ளைப் பணியாரம் ஊற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. மாவு பதம் கொஞ்சம் தப்பினாலும் பணியாரம் உப்பாது, இல்லாவிட்டால் எண்ணெய் குடித்துவிடும். விசேஷ வீட்டில் நாற்பது, ஐம்பது பேர் காத்திருப்பார்கள். அப்பத்தா பேச்சை நிறுத்தாமல் ஒரு கரண்டி மாவை எண்ணெயில் விடுவார். முதல் பணியாரம் சரியாக எழும்பாவிட்டாலும் முகம் மாறாது. மாவில் எதைச் சேர்க்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். சேர்த்துக் கலக்கிவிட்டு இரண்டாவதை ஊற்றுவார்.

அதே அப்பத்தா, மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் நகரும் படிக்கட்டைப் பார்த்ததும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கடைசிவரை ஏறவில்லை.

இப்போது சொல்லுங்கள், அப்பத்தா தன்னம்பிக்கை உள்ளவரா, இல்லாதவரா? கேள்வியே அரைகுறையாக இருக்கிறது. 'எதில்?' என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

இந்த 'எதில்?' என்பதை உளவியலில் அழுத்தமாகக் கொண்டுவந்தவர் ஆல்பர்ட் பண்டுரா. 1977இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு 'தன்திறன் நம்பிக்கை' என்ற கருத்து பரவலானது. ஒரு குறிப்பிட்ட செயலை, ஒரு குறிப்பிட்ட சூழலில் என்னால் செய்து முடிக்க முடியும் என்று ஒருவர் தன்னைப் பற்றிப் போடும் கணக்குதான் தன்திறன் நம்பிக்கை. நான் நல்லவள், உயர்ந்தவள், மதிப்புள்ளவள் என்ற பொதுவான உணர்வுக்குப் பெயர் சுயமதிப்பு. இரண்டும் வேறு. சுயமதிப்பு நிறைய இருந்தும் கிணற்றில் குதிக்கப் பயப்படலாம். தன்னைப் பற்றிப் பெரிதாக எதுவும் நினைக்காத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கலாம், நீச்சல் தெரிந்தால்.

மேடையில் மார்தட்டிப் பேசுகிற வீராங்கனையைப் பார்த்து 'என்ன தன்னம்பிக்கை!' என்கிறோம். பேச்சு ஒரு குணம், ஒரு பாணி. அதிகம் பேசாமல் வந்து ஜெயித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. களத்தில் வேலை செய்வது அந்தக் கணக்கு. என் அண்ணன் மகளுக்கும் அது கொஞ்சம் இருக்கிறது. பின்னால் உருண்டு விழுவதில் அவளுக்குத் துளி பயம் கிடையாது. எதிராளியின் காலரைப் பிடித்து உள்ளே நுழைவதில்தான் கணக்கு இன்னும் சேரவில்லை.

## ஊரணியும் வரத்துக்காலும்

எங்கள் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்துவைத்துத்தான் ஊர்கள் பிழைத்தன. ஊருக்கு ஊர் ஊரணி, அதற்குத் தண்ணீர் கொண்டுவர வரத்துக்கால். சித்திரை வெயிலில் நிறைந்து கிடக்கும் ஊரணியைப் பார்க்கிற வெளியூர்க்காரர், இந்த ஊருக்குத் தண்ணீர் ராசி என்று நினைக்கலாம். வரத்துக்காலைத் தூர்வாரிய ஊர்க்காரருக்குத்தான் விஷயம் தெரியும்.

தன்திறன் நம்பிக்கையையும் அப்படிப் பார்க்கலாம். போட்டி நாளில் நாம் பார்ப்பது நிறைந்த ஊரணி. அது நான்கு வழிகளில் நிறைகிறது என்றார் பண்டுரா. நான்கும் ஒரே அகலம் இல்லை.

### செய்து பார்த்த அனுபவம்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய வரத்துக்கால். கடினமான ஒன்றைத் தானே செய்து முடித்த நினைவு. 'முன்பு செய்திருக்கிறேன்' என்பதைவிட வலுவான ஆதாரம் மனதுக்கு வேறு கிடையாது.

2016 ரியோ ஒலிம்பிக்கில் சாக்ஷி மாலிக் 58 கிலோ பிரிவில் வெண்கலத்துக்காக கிர்கிஸ்தானின் ஐசுலு தினிபெகோவாவோடு மோதினார். இடைவேளையில் 0-5. யாராக இருந்தாலும் தளர்ந்துவிடும் இடம். ஆட்டம் முடிந்தபோது 8-5. ஒலிம்பிக் மல்யுத்தத்தில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். 'கடைசி நிமிட அற்புதம்' என்று பலர் எழுதினார்கள். ஆனால் அன்றைய முதல் ஆட்டத்திலேயே சாக்ஷி பின்தங்கியிருந்து, பிறகு 5-4 என்று ஜெயித்திருந்தார். பின்தங்கி நின்று திரும்பி வருவது அவருக்கு அன்றைக்கே பழகிய பாதை. 0-5 என்ற பலகையைப் பார்க்கும்போது, 'இதைச் செய்ய முடியும்' என்பதற்கு ஒரு சாட்சி சில மணி நேரத்துக்கு முன்புதான் கிடைத்திருந்தது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுலபமான வெற்றிகள் இந்த வரத்துக்காலை ஆழமாக்காது. எளிதில் ஜெயித்துப் பழகியவர் முதல் அடியிலேயே உடைந்துவிடுவார், தடையைத் தாண்டிப் பழகியவர்தான் தாங்குவார் என்று பண்டுராவே சொல்கிறார். பிள்ளைக்கு ஊக்கம் வேண்டும் என்று பலவீனமான எதிராளிகளாகப் பார்த்து இறக்கிவிடும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்கிறார்கள்தான். மாவட்ட அளவில் கோப்பை குவித்துவிட்டு, மாநிலப் போட்டியில் ஒரே ஆட்டத்தோடு விளையாட்டையே விட்ட பிள்ளைகளை நான் இப்படித்தான் பார்த்தேன். மாறாக, தாங்க முடியாத அளவுக்குப் பெரிய எதிராளியிடம் தினமும் தோற்கவைப்பதும் தப்பு. கொஞ்சம் கடினம், முயன்றால் எட்டும் என்ற அளவுதான் தண்ணீரை உள்ளே கொண்டுவரும்.

ஜூடோவில் எனக்குப் பிடித்த விஷயம், அங்கே முதல் பாடம் விழுவது. எதிராளியைத் தூக்கிப்போடக் கற்றுத்தருவதற்கு முன்னால், அடிபடாமல் விழ வாரக்கணக்கில் பழக்குவார்கள். அதற்கு உக்கேமி என்று பெயர். அப்புறம் உச்சிக்கோமி. எதிராளியைத் தூக்காமல், தூக்குவதற்கு உள்ளே நுழைகிற அசைவை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வது. வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பாக இருக்கும். ஒவ்வொரு நுழைவும் கணக்கில் ஒரு வரவு.

### பிறரைப் பார்த்து வருவது

தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்க்கும்போது, 'அவளால் முடிந்தால் என்னாலும் முடியலாம்' என்று கணக்கு மாறுகிறது. இதில் 'தன்னைப் போன்ற' என்பதுதான் முக்கியம். வயது, ஊர், உடல்வாகு, வீட்டு நிலைமை எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு தண்ணீர்.

மணிப்பூரின் மேரி கோம் குத்துச்சண்டைக்கு வந்ததற்கு, அதே மாநிலத்துக்காரரான டிங்கோ சிங் 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் வாங்கிய தங்கம் பெரிய தூண்டுதல். வேறு நாட்டு உலகச் சாம்பியன் ஒருவர் அந்த வேலையைச் செய்திருப்பாரா என்பது சந்தேகம். ஹரியானாவில் கீதா போகாட் 2010 காமன்வெல்த் மல்யுத்தத்தில் தங்கம் வாங்கியபோது, சித்தப்பா மகள் வினேஷுக்கு அந்த வெற்றி வீட்டுக்குள்ளேயே நடந்தது.

பெண்களுக்கு இந்த வரத்துக்கால் வெகுகாலம் அடைபட்டே கிடந்தது. ஒலிம்பிக்கில் மகளிர் ஜூடோ பதக்கப் போட்டியாக வந்தது 1992இல். மகளிர் மல்யுத்தம் 2004இல். மகளிர் குத்துச்சண்டை 2012இல்தான். அதற்கு முன்னால் வளர்ந்த ஒரு பெண்பிள்ளை குத்துச்சண்டைக் கையுறையைப் போட்டுக்கொண்டால், ஒலிம்பிக் மேடையில் யாரைப் பார்த்துக் கணக்குப் போடுவாள்? 'பெண்களுக்கு இயல்பிலேயே தன்னம்பிக்கை குறைவு' என்று சிலர் சாதாரணமாகச் சொல்வார்கள். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. பார்க்க ஆளே இல்லாமல் வைத்துவிட்டு, பார்க்கத் தெரியவில்லை என்று சொல்வது நியாயமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டி.வி.யில் வரும் வினேஷைவிட, பள்ளியில் இரண்டு வகுப்பு மேலே படிக்கிற அக்கா அதிகம் உதவுவாள். வினேஷ் எங்கோ இருக்கிறார். அந்த அக்கா போன வருடம் இதே மேட்டில் அழுததை இவள் பார்த்திருக்கிறாள்.

### பிறர் சொல்

இது குறுகலான கால். 'உன்னால முடியும்' என்ற சொல் கொஞ்ச நேரத்துக்கு உதவும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு களத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் சொன்னவர் மேலேயே நம்பிக்கை போய்விடும். கண்ணாடி முன்னால் நின்று 'நான் சாம்பியன்' என்று நூறு தடவை சொல்லச் சொல்கிறவர்கள் இந்தச் சின்னக் காலை நம்பி முழு ஊரணியையும் நிரப்பப் பார்க்கிறார்கள். 'இன்னைக்கு உன் இடது கால் நேத்தைவிடச் சீக்கிரம் உள்ள வந்துச்சு' என்று சொல்கிற பயிற்சியாளர் அதே மூச்சில் பத்து மடங்கு கொடுக்கிறார். ஏனென்றால் அந்தச் சொல்லைப் பிள்ளை தானே சரிபார்த்துக்கொள்ள முடியும்.

கட்டுவது கடினம், கெடுப்பது சுலபம். 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தக் கட்டிப்புரள்ற விளையாட்டு? மூக்கு உடைஞ்சா யார் கட்டிப்பா?' என்று ஒரு கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் சொன்னால் போதும். ஆறு மாதப் பயிற்சியில் ஓட்டை விழும்.

### உடம்பு சொல்வது

'மேட்ல ஏறுனாலே கை வேர்க்குது' என்றாளே, அது இந்த நான்காவது கால். மோதல் நெருங்கும்போது உடம்பில் அட்ரினலின் என்ற சுரப்பு கூடுகிறது. இதயம் வேகமாக அடித்துத் தசைகளுக்கு ரத்தத்தை அனுப்புகிறது, மூச்சு வேகமாகிறது, உள்ளங்கை வேர்க்கிறது. இது சண்டைக்கு உடம்பு செய்யும் ஏற்பாடு. பதினான்கு வருடம் பதக்கம் வாங்கியவருக்கும் இதேதான் நடக்கும்.

வித்தியாசம் அதைப் படிக்கிற விதத்தில் வருகிறது. புதிதாக வந்தவள் 'நெஞ்சு அடிக்குது, அப்போ பயந்துட்டேன், அப்போ என்னால முடியாது' என்று படிக்கிறாள். பழகியவர் 'நெஞ்சு அடிக்குது, உடம்பு தயார்' என்று படிக்கிறார். ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தொடுகிறது. பலர் முன்னால் பாட, பேச, கணக்குப் போடச் சொல்வதற்கு முன், சிலரை 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ள வைத்தார். படபடப்பை அடக்கி அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட, அதை உற்சாகம் என்று பெயர் மாற்றிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். தைமாதம் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகிற பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். மாடு அவிழ்ப்பதற்கு முன் நெஞ்சு அடிக்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த அடிப்புக்காகத்தான் போகிறோம் என்பார்கள்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: தன்திறன் நம்பிக்கை ஒரு குறிப்பிட்ட செயலைப் பற்றிய கணக்கு. தானே செய்தது, தன்னைப் போன்றவர் செய்யப் பார்த்தது, நம்புகிறவர் சொன்னது, உடம்பு காட்டுவதைப் படித்த விதம் ஆகிய நான்கிலிருந்தும் அது சேர்கிறது. முதலாவதிலிருந்து வருவதுதான் அதிகம்.

## நம்பினால் களத்தில் என்ன மாறுகிறது?

சரி, கணக்கு நிறைந்திருக்கிறது. அதனால் கைக்கும் காலுக்கும் என்ன பலன்? நம்பிக்கை தசைக்கு வலு கூட்டாது. அது வேலை செய்கிற வழி வேறு.

ஜூடோவில் செயோய் நாகே என்று ஒரு வீச்சு உண்டு. எதிராளியைப் பிடித்தபடி சட்டென்று திரும்பி, நம் முதுகை அவர் மார்போடு ஒட்டி, அவரைத் தோள் வழியாகத் தூக்கி முன்னால் போட வேண்டும். இதில் ஒரு கணம் நம் முதுகு முழுவதும் எதிராளிக்குக் கிடைக்கிறது. முழு வேகத்தில் திரும்பினால் அந்தக் கணம் தெரியாமலே போய்விடும். பாதி திரும்பும்போது 'சரியா வருமா?' என்று ஒரு சந்தேகம் வந்தால், அசைவு அங்கேயே தேங்கும். எதிராளி பின்னாலிருந்து பிடித்துப் போட்டுவிடுவார். அதாவது சந்தேகமே அந்த வீச்சைக் கெடுத்தது. கெட்டுப்போன வீச்சு அடுத்த சந்தேகத்துக்குச் சாட்சியாகப் போய் நிற்கிறது. இந்தச் சுழலில்தான் புதிய பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு பக்கம் கவனம். ஒரே நேரத்தில் மனதில் வைத்துக் கையாளக்கூடிய தகவலுக்கு ஓர் அளவு உண்டு. அந்தச் சிறிய இடத்துக்குச் செயல்நினைவு என்று பெயர். 'தோத்துட்டா அப்பா என்ன சொல்வார், எல்லாரும் பாக்குறாங்க' என்ற கவலை அந்த இடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டால், எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்க்க இடம் இருக்காது. நம்பிக்கை உள்ளவருக்கு அந்த இடம் காலியாக இருக்கிறது. அவர் எதிராளியைப் பார்க்கிறார். கவலைப்படுகிறவள் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது, விடாப்பிடி. முடியும் என்று கணக்கு சொன்னால், முதல் முயற்சி தப்பினாலும் முறையைத்தான் மாற்றுவோம், முயற்சியை விடமாட்டோம். அப்பத்தா முதல் பணியாரம் கெட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுப் போகவில்லை, மாவைச் சரிசெய்தார். 0-5இல் சாக்ஷி செய்ததும் அந்த வகைதான்.

## வெறி என்று சொல்கிறோமே, அது?

ஆச்சி சொன்ன 'வெறி'க்கு வருவோம். விளையாட்டு உளவியலில் இதை உந்துதல் என்பார்கள். ஒரு செயலை நோக்கி நம்மைத் தள்ளி, அதில் நிற்கவும் வைக்கிற சக்தி. நம்பிக்கை 'என்னால் முடியுமா?' என்ற கேள்விக்கு விடை. உந்துதல் 'எனக்கு இது வேண்டுமா?' என்பதற்கு விடை. பசி வேறு, சமைக்கத் தெரிவது வேறு என்பது போல. பசி மட்டும் இருந்து கை தெரியாவிட்டால் தவிப்பு. கை தெரிந்து பசி இல்லாவிட்டால் அடுப்பே பற்றாது. என் அண்ணன் மகளுக்குப் பசி இருந்தது. இல்லாவிட்டால் 'விட்டுரவா?' என்று அழுதுகொண்டு கேட்டிருக்க மாட்டாள். பேசாமல் விட்டிருப்பாள்.

உந்துதலில் இரண்டு வகை. விளையாடும்போது கிடைக்கிற சந்தோஷத்துக்காகவே விளையாடுவது அக உந்துதல். பதக்கம், வேலை, அப்பாவின் கோபம் என வெளியிலிருந்து வருவது புற உந்துதல். எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971இல் மாணவர்களுக்கு ஒரு புதிர் விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு குழுவுக்கு மட்டும் புதிரை முடித்தால் காசு. காசு நின்ற பிறகு, ஓய்வு நேரத்தில் அந்தக் குழு புதிரைத் தொடுவது குறைந்துபோனது. பிடித்துச் செய்த வேலை கூலி வேலையாக மாறிவிட்டது.

பின்னால் டெசியும் ரிச்சர்ட் ரயனும் சேர்ந்து இதை விரித்தார்கள். உந்துதல் நீண்ட நாள் நிற்க மூன்று தேவை என்றார்கள். இது என் முடிவு என்ற உணர்வு, நாளுக்கு நாள் கைதேறுகிறது என்ற உணர்வு, என்னை மதிக்கிற ஆட்களோடு இருக்கிறேன் என்ற உணர்வு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்று பிள்ளையைச் சேர்ப்பதில் தப்பில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் அது நியாயமான ஆசைதான். ஆனால் அது ஒன்றுதான் காரணம் என்றால், நான்காம் வருடம் முழங்கால் வீங்கும்போது பிள்ளையை மேட்டுக்குத் திரும்பக் கூட்டிவர அந்தக் காரணத்துக்குப் பலம் போதாது.

மேரி கோமைப் பாருங்கள். 2002, 2005, 2006 என்று மூன்று முறை உலகச் சாம்பியன். 2007இல் இரட்டைக் குழந்தைகள். அதோடு போதும் என்று உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2008இல் திரும்பி வந்து மறுபடி தங்கம். 2010இல் இன்னொன்று. 2012 லண்டனில் வெண்கலம். 2016 ரியோவுக்குத் தகுதி பெறவில்லை. 2018இல் டெல்லியில் ஆறாவது உலகப் பட்டம். 2002இல் அவரை ஓடவைத்த புகழும் பணமும் 2018க்குள் எப்போதோ கிடைத்துவிட்டன. அதற்குப் பிறகும் விடிகாலையில் எழுந்து ஓடுவதற்கு உள்ளேயிருந்து ஏதாவது தள்ள வேண்டும்.

எங்கள் சிவகங்கைச் சீமையில் இந்தப் பேச்சு வந்தாலே யாராவது வேலு நாச்சியாரை இழுப்பார்கள், 'மண்ணின் ரத்தம்' என்று. எனக்கும் அவர் மேல் உயிர். ஆனால் அவர் கதையில் ரத்தத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒரு கணக்கு. 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். நாச்சியார் சிவகங்கையை மீட்டது 1780இல். நடுவில் எட்டு வருடம். விருப்பாச்சியில் இருந்துகொண்டு ஆள் சேர்த்து, ஹைதர் அலியிடம் உதவி கேட்டு, படை திரட்டிய எட்டு வருடம். 'பிறவி வீரம்' என்று ஒரே சொல்லில் முடித்தால் அந்த எட்டு வருட உழைப்பும் காணாமல் போகிறது.

## சாம்பியனின் ஊரணியும் வற்றும்

ஒருமுறை நிறைந்துவிட்டால் எப்போதும் நிறைந்திருக்கும் என்று நினைப்பதும் பரவலான தப்பு. அமெரிக்காவின் ரோண்டா ரௌஸி 2008 ஒலிம்பிக் ஜூடோவில் வெண்கலம் வாங்கியவர். அப்புறம் குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த கலப்புச் சண்டைக்குப் போய், எதிராளியின் கையை நீட்டி முழங்கையில் அழுத்தும் ஜூடோப் பிடியாலேயே ஆட்டங்களைச் சீக்கிரம் முடித்தார். 12 ஆட்டம், 12 வெற்றி. 2015 நவம்பரில் மெல்போர்னில் எதிரே வந்தவர் ஹாலி ஹோம், குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்றவர். ஹோம் நெருங்கவிடாமல் தள்ளி நின்றே அடித்தார். இரண்டாம் சுற்றில் தலையில் ஓர் உதை, ஆட்டம் முடிந்தது. அடுத்த ஆட்டம் 2016 டிசம்பரில் அமண்டா நூனெஸோடு. 48 விநாடிதான் நீடித்தது.

'எதில்?' என்ற கேள்வி இங்கே மறுபடி வருகிறது. பிடித்து மடக்குவதில் நிறைந்திருந்த ஊரணி, தள்ளி நின்று குத்துகிற ஆட்டத்துக்குத் தண்ணீர் தராது. அந்த ஆட்டத்துக்குத் தனியாக வெட்ட வேண்டும். ரௌஸி 'தலைக்கனத்தால்' தோற்றார் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவரை அடித்தது வேறு ஓர் ஆட்டம்.

வினேஷும் அப்படித்தான். 2016 ரியோவில் முழங்கால் காயத்தோடு தூக்கிக்கொண்டு போகப்பட்டார். டோக்கியோவில் காலிறுதியில் தோற்றார். அதற்குப் பிறகுதான் நாங்கள் பார்த்த அந்த 3-2. மறுநாள் காலை 100 கிராம் எடை கூடுதலாக இருந்ததால் இறுதிப் போட்டியில் ஆட முடியாமல் போனது. எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் அந்த 3-2 அழிந்துபோகாது. அவருடைய கணக்கிலும் இருக்கும், பார்த்த பிள்ளைகளின் கணக்கிலும் இருக்கும்.

## எங்கள் வீட்டில் செய்தது

அண்ணன் மகளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும், இன்று முதல்முறையாக எது வந்தது, அல்லது நேற்றைவிட எது கொஞ்சம் தேறியது என்று மட்டும் எழுதச் சொன்னேன். ஜெயித்தது, தோற்றது எழுத வேண்டாம். உணர்ச்சி வேண்டாம், நடந்தது வேண்டும். அவளுடைய பயிற்சியாளரிடம் பேசி, இரண்டு வகுப்பு மேலே படிக்கிற அந்த அக்காவோடு வாரத்துக்கு ஒருமுறை ஜோடி சேரக் கேட்டோம். அண்ணனிடம் தனியாக, 'ரத்தம்' என்ற பேச்சை அவள் முன்னால் எடுக்க வேண்டாம் என்றேன். முதலில் முகம் சுளித்தார். அப்புறம் புரிந்துகொண்டார். இப்போது பயிற்சி முடிந்து வந்ததும், 'ஜெயிச்சியா?' என்று கேட்பதில்லை. 'நோட்டுல என்ன எழுதப்போற?' என்று கேட்கிறார்.

போன வாரம் நோட்டைக் காட்டினாள். பக்கத்தின் மேலே தேதி, கீழே பென்சிலில் கோணலான எழுத்து: "அஞ்சு தடவ விழுந்தேன். நாலாவது தடவ அக்காவோட காலர் கைக்குக் கிடச்சுச்சு. திரும்புனேன். அக்கா அசையல. ஆனா நான் பாதில நிக்கல."